மீள்வரவேற்புப் பிரிவு

“அப்போ மறுபடியும் பிடிக்கணுமா?”

“பிடிக்கிறதுன்னு சொல்லாதீங்க மாப்பிள்ளை. அந்த வார்த்தையே நம்ம ஆபீஸ்ல கிடையாது. மீள்வரவேற்பு.”

“கடல்ல விட்டுட்டு...”

“விட்டுட்டு, வண்டியை எடுத்துக்கிட்டுப் பாறைக்கு அந்தப் பக்கம் போய், மீள்வரவேற்கணும். திரும்பக் கொண்டுவந்து தொட்டியில வைக்கணும். இதுல புரியாததுக்கு என்ன இருக்கு?”

புரியாததற்கு நிறைய இருந்தது. ஆனால் கேட்டவர் அன்றுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த வேன் ஓட்டுநர். பதில் சொன்னவர் அவர் மனைவியின் அண்ணன். கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி. ஓட்டுநர் வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். போதாததற்கு, ஓட்டுநரும் மனைவியும் குடியிருந்ததே மைத்துனர் வீட்டு மாடியில். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் சுவிட்ச் கீழே மைத்துனர் மனைவியின் சமையலறையில் இருந்தது. அந்த அம்மாள் மனசு வைத்தால் மாடியில் குளியல். வைக்காவிட்டால் முகம் கழுவுவதோடு சரி. வேலை நிரந்தரமானால் தனி வீடு பார்த்துவிடலாம் என்று கணவனும் மனைவியும் பேசிவைத்திருந்தார்கள். தனி வீடு என்றதும் அவர்கள் கண்ணில் வந்து நின்றது கூடமோ சன்னலோ இல்லை. கையெட்டும் தூரத்தில் ஒரு சுவிட்ச். எனவே ஓட்டுநர் தலையாட்டினார்.

வேனின் பின்புறம் ஈரச் சாக்கின் மேல் ஆமை படுத்திருந்தது. சாப்பாட்டு மேசை அகலத்துக்கு முதுகு. அதன் ஓரத்தில் படகு விசிறி வெட்டிய ஒரு பள்ளம். அந்தக் காயத்தோடு கரையொதுங்கியதைக் காட்சியகம்தான் எடுத்துவந்து குணப்படுத்தியது. அதில் ஒரு பொய்யும் இல்லை. குணமான பிறகு என்ன செய்வது என்பதில்தான் சிக்கல் வந்தது.

முன்பெல்லாம் குணமான ஆமைகளை விட்டுவிடுவார்களாம். மைத்துனர் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது, மனிதர்கள் குகையில் வாழ்ந்ததைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார். விட்டால் ஆமை போய்விடும். போனால் தொட்டி காலி. தொட்டி காலியானால் பாதுகாப்புப் பிரிவு, காப்பாற்ற யாருமில்லாமல், மேசைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும். அடிபட்ட ஆமை ஒன்று அவசரமாகத் தேவை என்று கடலுக்கு எழுதிக் கேட்க முடியுமா? இந்த இக்கட்டில்தான் இயக்குநருக்கு ஒன்று தோன்றியது. ஆமையை விடுவதைப் பார்க்கத்தான் மக்கள் வருகிறார்கள். ஆமை போவதைப் பார்க்க யாரும் வருவதில்லை. அலைக்குள் தலை மறைந்ததும் கைதட்டிவிட்டுக் காரைத் தேடிப் போய்விடுகிறார்கள். மறைந்ததற்கு அப்பால் இருக்கும் ஆமை யாருக்கும் பயன்படாத ஆமை. அதை வீணாக்குவானேன்?

தாம் பார்த்த முதல் விழாவில் ஓட்டுநர் அழுதுவிட்டார். காட்சியகத்துக்குச் சற்றுத் தள்ளியிருந்த சிறிய வளைகுடாவில் பந்தல் போட்டிருந்தார்கள். அன்று ஆமைக்கு ஒரு மெத்தை நிறுவனத்தின் பெயர். விழாச் செலவை ஏற்பவரின் பெயரை அன்றைக்கு ஆமைக்கு வைப்பது வழக்கம்; அதற்கு முந்தைய விழாவில் அது ஒரு டயர் கம்பெனியாக இருந்தது. மெத்தை முதலாளி ஆமையின் முதுகைத் தடவினார். பள்ளிப் பிள்ளைகள் கையசைத்தார்கள். ஆமை ஈர மணலில் துடுப்புகளை ஊன்றி ஊன்றி, நின்று மூச்சு வாங்கி, முதல் அலை முகத்தில் அடித்ததும் கழுத்தை நீட்டி, பிறகு சட்டென்று எடையே இல்லாத ஏதோ ஒன்றாகி நீருக்குள் போயிற்று. ஓட்டுநர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டே வேனைக் கிளப்பிப் பாறையைச் சுற்றி மறுபக்கம் போனார்.

அங்கே வலைக்காரர் முட்டியளவு நீரில் நின்றுகொண்டிருந்தார். இரு பாறைகளுக்கும் நடுவே நீருக்கடியில் கட்டியிருந்த வலையில் ஆமை வந்து முட்டிக்கொண்டு நின்றது.

“அழுதியா?” என்று கேட்டார் வலைக்காரர்.

“தூசி.”

“முதல் தடவை எல்லாருக்கும் தூசி விழும். இயக்குநருக்குத்தான் இன்னும் விழுந்துக்கிட்டே இருக்கு. அந்தப் பக்கம் பிடி, தூக்கு.”

வேனின் வேலை அதோடு முடியவில்லை. ஓட்டுநரைக் கடல் கல்விப் பிரிவுக்கும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். கல்விக் கூடம் கடலைப் பார்த்துக் கட்டப்பட்டது; ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. பாடம் நடக்கும்போது பிள்ளைகள் திரையைப் பார்க்காமல் கண்ணாடி வழியே கடலைப் பார்த்தார்கள். கல்வி அதிகாரி, நாற்பது வயதுப் பெண்மணி, கடலின் மேல் பெரிய பற்று உடையவர், இதனால் மிகவும் மனம் நொந்துபோனார். பாடத்தில் கடல் நீலமாக இருந்தது. வெளியே பெரும்பாலான நாட்களில் பழுப்பாக இருந்தது. பாடத்தில் பாறைகளுக்குள் விதவிதமான மீன்கள் ஓடின. வெளியே தண்ணீர்தான் இருந்தது. பிள்ளைகள் வீணாகக் குழம்பினார்கள். ஆகவே ஓட்டுநர் பெரிய பெரிய ஒட்டுப்பலகைகளை ஏற்றிவந்து கொடுத்தார். கண்ணாடியை அவற்றால் மூடி, மேலே கடல் படம் ஒட்டினார்கள். படம் அழகாகவே இருந்தது. அலைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அது என்ன சத்தம் என்று ஒரு சிறுமி கேட்டதற்கு, ஒலிபெருக்கி என்று கல்வி அதிகாரி சொன்னார்.

கடற்கரைத் தூய்மை நாள் இன்னும் சிரமமானது. நகராட்சிக்காரர்கள் விடியும் முன்பே கரையைக் கூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கையுறை மாட்டிக்கொண்டு ஆர்வத்தோடு வரும் தன்னார்வலர்கள் சுத்தமான மணலைப் பார்த்து ஏமாந்து, முகம் தொங்கிப் போவார்கள். ஒருவர் நேரடியாகவே, நாங்கள் இவ்வளவு தூரம் வந்தது எதற்கு என்று சண்டை பிடித்தாராம். அதிலிருந்து காட்சியகம் சொந்தக் குப்பை வைத்திருந்தது. பாட்டில்கள், பைகள், அறுந்த செருப்புகள், எல்லாம் கழுவி உலர்த்தி மூட்டைகளில் கட்டிக் கிடங்கில் இருக்கும். கல்விக் குப்பை என்று பெயர். காலையில் ஓட்டுநர் அதைக் கரையில் இறைத்துவிட்டு வர வேண்டும். தன்னார்வலர்கள் பொறுக்கியதும் திரும்ப ஏற்றிக் கிடங்கில் சேர்க்க வேண்டும். ஒருமுறை புதிதாக வந்த குழுவினர் பொறுப்பு மிகுந்து, மூட்டைகளைத் தாங்களே மறுசுழற்சிக் கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். காட்சியகத்தில் அவசரக் கூட்டம் நடந்தது. கடலைக் காப்பாற்ற ஊழியர்கள் அனைவரும் அந்த மாதம் முழுவதும் பாட்டில் தண்ணீர் மட்டுமே குடிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. ஓட்டுநரும் தம்மால் முடிந்த அளவு குடித்தார்.

இதையெல்லாம் அவர் மனைவியிடம் சொல்லும்போது அவள் முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினாள். பிறகு தினமும் சாயங்காலம், இன்னிக்கு என்ன காப்பாத்தினீங்க என்று கேட்பது வழக்கமாயிற்று.

ஆமைக்கு வேலை பழகிவிட்டதை முதலில் கவனித்தவர் வலைக்காரர். அது வலையில் வந்து முட்டுவதை நிறுத்தியிருந்தது. அலைக்குள் தலை மறைந்ததும் நேராகப் பாறையைச் சுற்றிவந்து, வலைக்கு முன்னால் மிதந்துகொண்டு காத்திருந்தது. அடுத்தடுத்த விழாக்களில் வலையையும் பொருட்படுத்தாமல், ஓரமாக ஒதுங்கி, கரையேறி, மணலில் தானாகவே ஊர்ந்து வந்து வேனின் பின்கதவுக்கு நேரே நின்றது. ஓட்டுநர் வர ஒருமுறை தாமதமானபோது, வந்து பார்த்தால் ஆமை காத்திருந்தது. அவரைப் பார்த்த பார்வையில், கடிகாரம் இல்லாத குறைதான். பிறகு தூக்குவதையும் நிறுத்திவிட்டார்கள். பின்கதவில் பலகையைச் சாய்த்தால் அதுவே ஏறிக்கொண்டது. வேனுக்குள் ஒரு வாளியில் கணவாய் மீன் இருக்கும்.

ஆமை தானாக வந்தால் வலை எதற்கு, வலைக்காரர் எதற்கு? நிர்வாகம் அவரைக் கைவிடவில்லை. அவரை ஆலோசகராக உயர்த்தியது. விழா நாட்களில் அவர் பாறைக்குப் பின்னால் நாற்காலி போட்டு அமர்ந்து, ஆமை வரும்போது எழுந்து நிற்பார்.

ஆண்டு விழா நெருங்கியது. பாதுகாப்புப் பிரிவில் நிரந்தர இடம் ஒன்று அனுமதியாகியிருப்பதாக மைத்துனர் ரகசியமாகச் சொன்னார். ஒன்றே ஒன்று. கல்வி அதிகாரி வேறு பிரிவு, வலைக்காரர் ஆலோசகர். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஓட்டுநரைத் தவிர யாரும் மிஞ்சவில்லை. மனைவி வீடு பார்க்கவே ஆரம்பித்துவிட்டாள். பார்த்த இடங்களிலெல்லாம் முதல் கேள்வி மோட்டாரைப் பற்றித்தான்.

விழாவில் இயக்குநர் பேசினார். உயரமான, மென்மையான குரல் உடைய மனிதர். பேசும்போது கண்கள் எப்போதும் ஈரமாக இருக்கும்.

“நண்பர்களே, ஓர் ஆமையை ஒருமுறை விட்டால் ஓர் ஆமைதான் காப்பாற்றப்படுகிறது. அந்தக் காலத்தில் நாம் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். எவ்வளவு குறுகிய பார்வை! இன்று நம் ஆண்டறிக்கையைப் பாருங்கள். இந்த ஆண்டு நாம் கடலில் விட்ட ஆமைகள், இந்தக் கடற்கரையில் இருக்கும் மொத்த ஆமைகளைவிட அதிகம். கடலால் முடியாததை நாம் சாதித்திருக்கிறோம். சிலர் கேட்கிறார்கள், கடல் மோசமாகிக்கொண்டே போகிறதே, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று. நான் பணிவோடு சொல்கிறேன்: கடல் மோசமாக மோசமாக நம் தேவை கூடுகிறது. எனவே நாம் நம்பிக்கை இழக்கக் காரணமே இல்லை. கடல் இல்லாமல் போகும் ஒரு நாள் வரலாம். அன்றும் இந்தக் கட்டடம் இருக்கும். அன்றும் இங்கே பாடம் நடக்கும்.”

கூட்டம் எழுந்து கைதட்டியது. ஓட்டுநரும் எழுந்தார், அடுத்த அறிவிப்பு நிரந்தர இடம் என்பதால் உட்காரவில்லை.

இயக்குநர் தொடர்ந்தார். ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர், ஒரு நிகழ்ச்சிக்கும் தாமதமாக வராதவர், நிர்வாகத்தை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர் யார் என்று தேடிப் பார்த்ததாகவும், தேடல் ஓரிடத்தில்தான் முடிந்ததாகவும் சொன்னார். ஓட்டுநர் சட்டையைச் சரிசெய்துகொண்டார். திரை விலகியது. சக்கரத் தொட்டியில் ஆமை வந்தது. அதன் கழுத்தில் அடையாள அட்டையை மாட்ட முயன்றார்கள். நாடா தலையில் நுழையாததால் துடுப்பில் மாட்டினார்கள்.

மறுநாள் வந்த சுற்றறிக்கையில், ஆமை இனி பாதுகாப்புப் பிரிவின் முதுநிலை நிரந்தர ஊழியர் என்றும், தற்காலிக ஊழியர்கள் அதை ‘மேடம்’ என்று குறிப்பிட வேண்டும் என்றும் இருந்தது. விழாக்கள் இனி ஒரு நாளைக்கு இரண்டு.

ஓட்டுநர் மைத்துனரின் அறைக்குப் போனார்.

“எனக்கு மட்டும் சங்கடமா இல்லையா மாப்பிள்ளை?” என்றார் மைத்துனர். “உள்ளுக்குள்ள நானும் உங்களுக்காகத்தான் பேசினேன். ஆனா உங்களை வச்சு ஒரு போஸ்டர் அடிக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க. முகம் எடுபடாது.”

“அப்போ எனக்கு எப்ப மச்சான்?”

“அந்த இடம் காலியானா அடுத்தது நீங்கதான். வேற ஆளே கிடையாது.”

“ஆமை ரொம்ப வருஷம் இருக்குமே.”

“இருக்கும். ஓய்வு வயசும் இன்னும் யாரும் முடிவு பண்ணல.” மைத்துனர் எழுந்து வந்து தோளில் கை வைத்தார். “அதுவரைக்கும் மாடி உங்க மாடிதான்.”

அன்று மாலை ஓட்டுநர் படியேறியபோது மனைவி காலிக் குடத்தோடு படியிறங்கிக்கொண்டிருந்தாள். கீழே அண்ணி மோட்டார் போட மறந்துவிட்டு வெளியே போயிருந்தாள். நடந்ததைக் கேட்டதும் மனைவி குடத்தைப் படியில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள். சிரித்தாள்.

“ஒரு ஆமைகூட உங்களை முந்திடுச்சே,” என்றாள்.

ஓட்டுநர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

“சரி, அது உங்க வண்டியிலதானே வருது போகுது?”

“ஆமா.”

“கல்யாணமான புதுசுல எங்க பெரியம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு நாலு ஊரு சுத்திக் காட்டினீங்களே, ஞாபகம் இருக்கா? அந்த மாதிரி ஒரு நாள் வழி தப்பினா என்ன? நீங்க வழி தப்பினா யாரு ஆச்சரியப்படப் போறா?”

ஓட்டுநருக்கு இது பிடிபடக் கொஞ்ச நேரமானது. பிடிபட்டதும் பயமாக இருந்தது. ஆனால் யோசிக்க யோசிக்க, இதில் தவறு எங்கே இருக்கிறது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆமையைக் கடலில் விடுவதுதான் அவர் வேலை. நுழைவாயில் பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது.

அந்த வாரமே நாள் வந்தது. காலை விழா ஒரு பற்பசை நிறுவனத்துடையது. பேச்சு, கைதட்டல், கண்ணீர் எல்லாம் ஒழுங்காக நடந்தன. ஆமை அலைக்குள் மறைந்தது, பாறையைச் சுற்றிவந்தது, ஆலோசகர் எழுந்து நின்றார், ஆமை பலகையில் ஏறியது. நீங்கள் போய் டீ குடித்துவிட்டு வாருங்கள், நான் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறேன் என்றார் ஓட்டுநர். ஆலோசகர் மறுபேச்சில்லாமல் போய்விட்டார்.

காட்சியகத்தின் வாசலை வேன் தாண்டியது. பின்னாலிருந்து வாளி நகரும் சத்தம் கேட்டது. திருப்பம் வராததை ஆமை உணர்ந்துவிட்டதோ என்று ஓட்டுநருக்குத் தோன்றியது. கடலோரச் சாலை நீண்டுகொண்டே போயிற்று. வீடுகள் குறைந்தன. மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலையின் மதில், அதன் பிறகு புதர்கள், அதன் பிறகு ஒன்றுமேயில்லை. சாலையிலிருந்து இறங்கி, மணல் இறுகிய இடமாகப் பார்த்து நிறுத்திப் பலகையைச் சாய்த்தார்.

ஆமை பலகையின் தலைப்பில் நின்று சுற்றிலும் பார்த்தது. பந்தல் இல்லை. நாற்காலிகள் இல்லை. மைக் இல்லை. இறங்குவதா வேண்டாமா என்று தயங்கியது.

“இறங்குங்க மேடம்,” என்றார் ஓட்டுநர்.

இறங்கி, மணலைக் கடந்து, நீருக்குள் போயிற்று. தலை மறைந்தது. ஓட்டுநர் பழக்கதோஷத்தில் இரண்டு முறை கைதட்டினார். அந்தச் சத்தம் அந்த வெட்டவெளியில் அசிங்கமாக இருந்ததால் நிறுத்திக்கொண்டார். பிறகு பலகையை எடுத்து உள்ளே வைத்து, கதவைச் சாத்தித் திரும்பினார். ஆமை மணலில் ஏறி வந்துகொண்டிருந்தது.

அதைத் திரும்ப நீருக்குத் தள்ளினார். அது போயிற்று, ஒரு சுற்றுச் சுற்றியது, பாறை எதுவும் இல்லாததால் சற்றுக் குழம்பியது, திரும்பி வந்தது. வேனைப் புதருக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்துவிட்டு வந்தார். ஆமை சக்கரத் தடத்தைப் பிடித்துக்கொண்டு புதரை நோக்கி ஊர்ந்தது. வாளியிலிருந்த கணவாயை ஒவ்வொன்றாக அலைக்குள் தூரத் தூர எறிந்தார். எல்லாவற்றையும் தின்றுவிட்டு வந்தது.

கடைசியில் அவர் கால்சட்டையோடு இடுப்பளவு நீரில் இறங்கி, கரைக்கும் ஆமைக்கும் நடுவில் கைகளை விரித்துக்கொண்டு நின்றார். ஆமை அவருக்கு முன்னால் மிதந்தது. அவர் இடப்பக்கம் நகர்ந்தால் வலப்பக்கம் வந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சட்டைப் பையில் செல்பேசி அடிக்க ஆரம்பித்தது. மைத்துனர்தான். இரண்டாவது விழாவுக்கு ஆள் வந்துவிட்டது, மேடம் எங்கே, நீங்கள் எங்கே, பூங்கொத்து வாடுகிறது. எடுக்காமலே அவருக்கு எல்லாம் கேட்டது.

அப்போது சற்றுத் தள்ளி, அலை உடையும் கோட்டுக்கு அப்பால், நீர் விலகி இன்னொரு தலை எழும்பியது. கறுத்த, சிறிய, யாரும் பெயர் வைக்காத தலை. ஒரு மூச்சு வாங்கியது. அந்த மூச்சின் சத்தம் தண்ணீரின் மேல் தெளிவாக வந்தது. ஓட்டுநர் அசையவில்லை. ஆமை கழுத்தைத் திருப்பி அந்தப் பக்கம் பார்த்தது. எவ்வளவு நேரம் பார்த்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அது அவ்வளவு நேரம் எதையும் பார்த்து அவர் கண்டதில்லை. அந்தத் தலை மூழ்கிவிட்டது. மூழ்கிய இடத்தில் சின்னதாக ஒரு சுழிப்பு மட்டும் இருந்தது. ஆமை இன்னும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

செல்பேசி மறுபடி அடித்தது. ஆமையின் தலை லேசாகக் கரைப் பக்கம் திரும்பியது.

ஓட்டுநர் செல்பேசியைப் பையோடு சேர்த்து நீருக்குள் அமுக்கிப் பிடித்தார். அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு நின்றது. அவர் குனிந்தார். முகத்துக்கு முகம் வருமளவு குனிந்தார். மேடம் என்று கூப்பிட வாய் வரவில்லை.

“போயேன்,” என்றார். “ஒரே ஒரு தடவை, யாரும் பார்க்காதப்ப, போயேன்.”